பட்டைக்களத்தில் ஒன்பதாவது குழி

“ஜெயிச்சா ஒண்ணு கேப்பேன். இல்லன்னு சொல்லக் கூடாது.”

“இன்னா கேப்ப?”

“அத ஜெயிச்சப்புறம் சொல்றேன்.”

“எங்கிட்ட கேக்கறதுக்கு இன்னா கீது? இந்தச் சாக்கும் மூங்கிலும்தான் கீது.”

“அத நீயே வெச்சிக்கோ.”

அவ்வளவுதான் பேச்சு. சொன்னவன் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். கேட்டவள் அதைப் பொங்கலுக்குப் பொங்கல் எடுத்துத் தூசி தட்டி, பெட்டிக்குள் இருக்கும் கூறைப்புடவையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, மறுபடி மடித்து வைத்தாள்.

அவள் பெயர் சவுரியம்மாள். ஆம்பூரில் விண்டர்டன் துரை கம்பெனியின் பட்டை மண்டியில் வேலை. தோல் பதனிட ஆவாரம் பட்டை வேண்டும். அந்தப் பட்டையை இடிக்கவும், சலிக்கவும், காயப்போட்டு அள்ளவும் பெண்கள் வேண்டும். பதினாறு வயதில் கல்யாணமாகி, இரண்டு வருஷம் முடிவதற்குள் வாந்திபேதியில் புருஷனைப் பறிகொடுத்தவள் அவள். அம்மா பூவம்மாள் வீட்டுக்குத் திரும்பி வந்தவளுக்கு, மண்டியில் கிடைத்த சலிக்கிற வேலைதான் முதல் ஆறுதல். பட்டைத்தூள் வாசம் உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது தலைக்கு அரப்புப் போட்டுக் குளித்தாலும் அது போகாது.

விண்டர்டன் துரைக்கு இரண்டு பைத்தியம். ஒன்று தோல், மற்றொன்று கோல்ஃப். முதல் பைத்தியத்தில் ஊர் பிழைத்தது. இரண்டாவதைப் பார்த்து ஊர் சிரித்தது. பெரிய மனுஷன் ஒருவர் சின்னப் பந்தைக் கழியால் அடித்து, அதன் பின்னாலேயே நடந்து, கடைசியில் எலிவளை மாதிரி ஒரு குழிக்குள் தள்ளினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஊரில் அதற்குக் குழிப்பந்து என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மண்டிக்குப் பின்னால் இருந்த தரிசில் ஒன்பது குழி வெட்டினார் துரை. குழியைச் சுற்றிப் பந்து சீராக உருளப் பச்சைப் புல் வேண்டுமாம். பாலாறே மணலாகக் கிடக்கிற ஊரில் புல்லுக்கு எங்கே போவது? துரை ஒரு வருஷம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். முளைத்ததை ஆடு மேய்ந்தது. கடைசியில் மண்டி மேஸ்திரி ஆபித் பாஷா ஒருநாள் சும்மா ஒரு பேச்சுக்கு, “புல்லு எதுக்கு தொர? தொட்டியில ஊறி சத்து போன பட்டை மலையா கெடக்குது. இடிச்சிப் பரப்பினா மெத்த மாதிரி இருக்கும்” என்றார். சொன்னவருக்கு விளையாட்டு, கேட்டவருக்கு அது வேதவாக்கு. ஒன்பது குழிக்கும் ஒன்பது பட்டைக்களம் தயாரானது. நெல்லுக்குக் களம் இருந்த ஊரில் பந்துக்கும் களம் வந்தது.

பட்டைத்தூளில் ஒரு தொல்லை உண்டு. காக்கை நடந்தாலும் தடம் விழும். ஒரு கூட்டம் ஆடிவிட்டுப் போனதும் தடங்களை அழித்தால்தான் அடுத்த கூட்டம் ஆட முடியும். மூங்கிலில் கோணிச்சாக்கைக் கட்டி, குழியிலிருந்து சுற்றிச் சுற்றி வெளியே வரும்படி இழுக்க வேண்டும். மண்டியில் பட்டை பரப்பிய கைகளுக்கு அது புதிதல்ல. ஒன்பதாவது களத்துக்குச் சவுரியம்மாளை நிறுத்தினார் ஆபித் பாஷா.

துரைமார்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்த வரைக்கும் அதில் ஒரு சுவாரசியமும் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில் துரைக்கு இன்னொரு யோசனை வந்தது. சென்னை, பெங்களூர், சிகந்தராபாத் என்று கிளப் இருக்கிற ஊர்களிலெல்லாம் துரைகளுக்கு மட்டை தூக்கப் போய், பார்த்துப் பார்த்தே ஆட்டம் படித்து, பிறகு துரைகளுக்கே கற்றுக்கொடுக்கிற நம் ஆட்கள் இருந்தார்கள். ஆட்டமே அவர்களுக்குத் தொழில். அவர்களுக்கென்று பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு பந்தயம் வைத்தார். ஜெயித்தவனுக்கு வெள்ளிக்கோப்பை. கூடவே, கம்பெனித் தோலில், கால் அளவெடுத்துத் தைத்த ஒரு ஜோடி பூட்ஸ்.

பூட்ஸ்தான் வேடிக்கை. வந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள்.

இரண்டாவது வருஷம் கிண்டியிலிருந்து வந்தவன் துரைசாமி. நெடுநெடுவென்று உயரம், வெயிலில் கறுத்த முகம். மட்டையைக் கையில் எடுத்தால் பேச்சு வராது, கீழே வைத்தால் நிற்காது.

“பேர்லயே தொர கீது, கால்ல செருப்பில்லயே” என்று கேட்டாள் சவுரியம்மாள். கேட்டபிறகுதான், தெரியாத ஆளிடம் இப்படிப் பேசிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அதுக்குத்தான் பூட்ஸ் ஜெயிக்க வந்துகீறேன்” என்றான் அவன். அந்த வருஷம் அவனுக்கு நாலாவது இடம்.

அடுத்த வருஷமும் வந்தான். அவள் புருஷனை இழந்தவள் என்பது அதற்குள் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆபித் பாஷாவிடம் விசாரித்திருக்கிறான். அவனுக்கு அப்பா அம்மா இல்லை, சைதாப்பேட்டையில் அக்கா வீட்டில் சாப்பாடு என்பதும் இவளுக்குத் தெரிந்தது. இவளும் அதே பாஷாவிடம்தான் விசாரித்தாள். பாவம், மேஸ்திரி இரண்டு பக்கமும் பதில் சொல்லியே களைத்துப்போனார். அந்த வருஷம்தான் அவன் அந்த வார்த்தையைச் சொன்னான். ஜெயிச்சா ஒண்ணு கேப்பேன்.

அதற்குப் பிறகு அவள் வேலையின் அர்த்தமே மாறிவிட்டது. எத்தனை பேர் நடந்தாலும் அவன் தடம் அவளுக்குத் தனியாகத் தெரியும். இடது காலின் சுண்டுவிரல், கூடப்பிறந்தவர்களோடு சண்டை போட்டதுபோல் சற்றே விலகி நிற்கும். அந்தத் தடத்தை அழிக்கத்தான் கம்பெனி அவளை வைத்திருந்தது. மற்றவர்கள் தடத்தை முதலில் இழுப்பாள். அவனுடையதைக் கடைசியில் இழுப்பாள். அவ்வளவு சலுகைதான் அவளால் தர முடிந்தது.

அவனுக்கும் கோப்பைக்கும் ஏதோ பூர்வஜன்மப் பகை. ஒரு வருஷம் மூன்றாவது இடம். மறு வருஷம் இரண்டாவது. போன வருஷம் பந்தயத்தின் கடைசி நாள், கடைசிக் குழி, ஒன்பதாவது களம். சிகந்தராபாத் ஆளும் இவனும் சமம். பந்துக்கும் குழிக்கும் நடுவே ஆறடி. உள்ளே போனால் கோப்பை.

ஆடுகிறவன் கேட்டால், பந்திலிருந்து குழிவரைக்கும் ஒரு முறை சாக்கை இழுத்து வழி சமன் செய்து தரலாம். அங்கே அதுதான் முறை. துரைசாமி அவளைப் பார்த்துத் தலையசைத்தான். சாக்கை இழுத்தால் தூசி கிளம்புமே, அவனுக்கு இருமல் ஆயிற்றே என்று ஒரு நினைப்பு. மண்டியில் பட்டையைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீர் தெளிப்பது வழக்கம். அந்தப் பழக்கத்தில், பக்கத்திலிருந்த செம்பை எடுத்து வழி நெடுக நன்றாகத் தெளித்து, ஆசை ஆசையாகச் சாக்கை இழுத்தாள். பட்டு விரித்ததுபோல் இருந்தது வழி.

அவன் தட்டினான். பந்து நேராகப் போயிற்று. மிக நேராக. ஈரப்பட்டை அதை மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. குழிக்கு ஒரு விரல்கடை முன்னால் பந்து நின்றுவிட்டது.

ஆபித் பாஷா நெற்றியில் அடித்துக்கொண்டார். “அட அல்லா, பந்துக்குப் போயி குளிப்பாட்டி வுட்டுட்டியே!” சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். துரைசாமியும் சிரித்தான். சவுரியம்மாளுக்கு மட்டும் பூமி பிளந்து வாங்கிக்கொள்ளக்கூடாதா என்றிருந்தது.

கோப்பை சிகந்தராபாத் ஆளுக்குப் போயிற்று. அன்று சாயங்காலம் ரயிலடிக்குப் போகிற வழியில் மண்டிப்பக்கம் வந்தவன், அவள் அழுத முகத்தைப் பார்த்து, “இதுக்குப் போயி அழுவாங்களா? ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. ஜெயிச்சிருந்தா கேக்க வேண்டி வந்திருக்கும்” என்றான்.

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அந்த வார்த்தை மீன்முள் மாதிரி அவள் தொண்டையில் நின்றுவிட்டது. கேட்காமல் இருப்பதுதான் அவனுக்கு நல்லதாமா? அப்படியென்றால் கேட்பதாகச் சொன்னதும் சும்மாதானா? வருஷம் முழுவதும் பட்டை சலிக்கும்போதெல்லாம் அதையே சலித்துப் பார்த்தாள். தூளும் விழவில்லை, கட்டியும் தங்கவில்லை.

இந்த வருஷம் மார்கழியில் ஆபித் பாஷா ஒருநாள் மண்டிக்கு வந்து, தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டு நின்றார்.

“இன்னா பாய்?”

“இந்த வருசம் பந்தயம் இல்ல சவுரியம்மா.”

“தள்ளி வெச்சிட்டாங்களா?”

“நின்னு போச்சு. சீமையில தோலுக்கு கிராக்கி ரொம்பக் கம்மி. கம்பெனிய வேற ஆளுக்குக் கை மாத்திட்டு தொர கப்பல் ஏறப் போறாரு. கோப்பைய வைக்கோல் போட்டு பெட்டியில அடச்சாச்சு. எல்லா கிளப்புக்கும் தபால் போய்டுச்சு.”

“அடுத்த வருசம்?”

“தொரயே இல்ல. அடுத்த வருசம் யாரு குழி வெட்டறது, நானா?” என்றவர், அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். “கிண்டிக்கும்தான் போய்க்கீது தபால்.”

“எந்த ஊருக்குப் போனா எனக்கு இன்னா?” என்று முறத்தைப் படபடவென்று தட்டினாள். அவ்வளவு தூசி அந்த மண்டியில் அதற்குமுன் கிளம்பியதில்லை.

பூவம்மாளுக்குப் பந்தயம் நின்றதில் வருத்தம் ஒன்றுமில்லை. மகளுக்குப் பேரணாம்பட்டிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. ரத்தினசாமி என்று பெயர், மனைவியை இழந்தவன், வண்டி மாடு வைத்திருக்கிறான், குடிப்பழக்கம் இல்லை.

“இதுக்கு முன்ன வந்தவனுக்கு மூக்கு சரியில்லன்ன. அதுக்கு முன்ன ஒருத்தன் சத்தமா சாப்படறான்ன. இவன் கிட்ட இன்னாடி கொற?”

“ஒரு கொறையும் இல்ல.”

“அதான் கொறையா?”

பூவம்மாள் மகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபமாகத் தொடங்கிய குரல் பாதியிலேயே இளகிவிட்டது.

“நம்ம சனத்துல மறுகட்டு ஒண்ணும் புதுசில்ல கண்ணு. எனக்குப் பின்னால உனக்கு ஒரு தொண வேணாமா? ஞாயித்துக்கெழம பூசைக்கு முன்னாடி சாமியாருகிட்ட பேரு குடுத்துட்டா, அப்பவே மொத ஓலை படிச்சிடுவாரு. நீ சரின்னு ஒரு வார்த்த சொல்லு.”

கோயிலில் சாமியார் ஓலை படிப்பதென்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஊரறிய வாசிப்பது. வாசித்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

“சனிக்கெழம சாயங்காலம் சொல்றேன்” என்றாள் சவுரியம்மாள். ஏன் அந்த நாளைச் சொன்னோம் என்று பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பொங்கல் கழிந்த சனிக்கிழமை. வருஷா வருஷம் பந்தயத்தின் கடைசி நாள்.

அந்தச் சனிக்கிழமை மண்டியில் அரை நாள்தான் வேலை. மற்ற பெண்கள் போய்விட்டார்கள். சவுரியம்மாள் முறத்தைக் கவிழ்த்துவிட்டு, சும்மா போகிறவள்போலப் பின்பக்கம் போனாள். ஒன்பதாவது களத்தில் நாலு ஆடுகள் சாவகாசமாகப் படுத்திருந்தன. குழிக்குள் புழுக்கை. கொடிக்கம்பை யாரோ அடுப்புக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.

களத்தின் ஓரத்தில் ஒருவன் ஆடுகளை விரட்டலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டு நின்றான். கையில் ஒற்றை மட்டை.

துரைசாமிதான்.

“பந்தயம் நின்னுபோச்சே, தபால் வரலியா?” என்றாள். அதைத்தவிர வேறொன்றும் அவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

“வந்துது. கிளப் ரைட்டர் படிச்சிக் காட்டினாரு.”

“அப்புறம் எதுக்கு வந்த?”

“ஒரு பந்து பாக்கி கீது.” மடியிலிருந்து ஒரு பந்தை எடுத்துக் காட்டினான். “போன வருசம் நின்னுபோச்சே, அதே பந்து. அதே எடத்துல வெச்சி இன்னொரு தரம் ஆடிப் பாக்கணும். உள்ள வுழுந்தா…”

“வுழுந்தா?”

“வுழட்டும், சொல்றேன்.”

அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை தூரம் ரயிலேறி வந்தும் இவனுக்குப் பந்துதானா முன்னால் வர வேண்டும்? ஆனாலும் கை பழகிய கை. ஆடுகளை ஓட்டினாள். புழுக்கையைப் பெருக்கித் தள்ளினாள். மண்டி மூலையில் சாத்தியிருந்த மூங்கிலையும் சாக்கையும் எடுத்து வந்து, குழியிலிருந்து சுற்றிச் சுற்றி இழுத்தாள். கெட்டித்துக் கிடந்த பட்டை, பழைய ஞாபகம் வந்ததுபோல் மெல்ல இளகிச் சமனாயிற்று.

“தண்ணி தெளிக்க மாட்டேன்” என்றாள் நிமிராமலே.

“வேணாம். இந்த வருசம் எனக்கு இருமலும் இல்ல.”

அப்படியென்றால், அந்தத் தண்ணீர் எதற்காக என்று அப்போதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சவுரியம்மாள் தலைமுந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அவன் பந்தை வைத்துக் குனிந்தான். அவள் ஓரமாக நின்று, தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: “நாளைக்குக் கோயில்ல எனக்கு ஓலை படிக்கணும்னு கேக்கறாங்க. பேரணாம்பட்டு ஆளு. இன்னிக்கு சாயங்காலம் அம்மாவுக்கு பதில் சொல்லணும்.”

மட்டை அந்தரத்தில் நின்றது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு தட்டினான்.

பந்து போன வருஷம்போல் நேராகத்தான் போயிற்று. ஆனால் ஒரு சொட்டு ஈரமில்லாத பட்டை. தூளுக்கு அடியில் ஆடு படுத்துக் கெட்டித்த தரை. பந்து குழியின் விளிம்பைத் தொட்டு, ஒரு எட்டு எட்டிப்பார்த்து, நிற்காமல் தாண்டி ஓடி, களத்துக்கு வெளியே ஒரு கல்லில் மோதி நின்றது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“போன வருசம் கம்மி, இந்த வருசம் ஜாஸ்தி” என்று சிரிக்கப் பார்த்தான் துரைசாமி. சிரிப்பு முகத்தில் ஏறவில்லை. களத்தின் குறுக்கே நடந்து போய்ப் பந்தை எடுத்தான். வேட்டியில் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

“பேரணாம்பட்டு நல்ல ஊர்தான்” என்றான். “சாயங்கால வண்டிக்கு நேரமாய்டுச்சு. வர்றேன் சவுரி.”

அவன் நடந்தான். சமன் செய்த பட்டையில் அவன் தடங்கள் குறுக்காகக் கிடந்தன. இடது காலில் அந்தச் சுண்டுவிரல் விலகியே நின்றது. சவுரியம்மாளின் கை தானாகவே மூங்கிலை எடுத்தது. அவன் போய்விட்டால் அழிக்க வேண்டும். அதுதானே இத்தனை வருஷமாகச் செய்த வேலை? சாக்கை முதல் தடத்தின்மேல் வைத்தாள். இழுக்க முடியவில்லை.

மூங்கிலைத் தூக்கி எறிந்தாள். அது கல்லில் பட்டுச் சத்தமிட்டது.

“நில்லுய்யா!”

அவன் திரும்பினான்.

“வருசா வருசம் நீ வருவ, நடப்ப, போய்டுவ. நான் பின்னாலயே உன் காலடிய அழிச்சிக்கினு வருவேன். இத அழிக்க மாட்டேன். ஆடு மிதிச்சி அழியட்டும், மழ பேஞ்சி அழியட்டும். என் கையால மாட்டேன்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “ஜெயிச்சா கேப்பேன்னியே, இன்னா கேக்க இருந்த?”

“ஜெயிக்கலியே.”

“பந்தா உங்கூட வந்து குடும்பம் நடத்தப் போவுது? போன வருசம் இன்னா சொன்ன? கேக்காம போனது நல்லதுன்னியே! வருசம் பூரா அதையே நெனச்சி நெனச்சி பேஜாராய்ட்டேன். பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போயேன்.”

“பிடிக்கலயா?” துரைசாமி திகைத்து நின்றான். கையிலிருந்த மட்டை கீழே விழுந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை. தடங்கள் மேலேயே நடந்து திரும்பி வந்தான். “அட மாதாவே! அத அப்படியா எடுத்துக்கின? பயத்துல சொன்னேன் சவுரி. ஜெயிச்சிட்டா கேட்டாவணும். கேட்டு, நீ மாட்டேன்னு சொல்லிட்டா? அப்புறம் எந்த மூஞ்ச வெச்சிக்கினு இந்த ஊருக்கு வர்றது? தோத்துட்டா அடுத்த வருசம் திரும்ப வரலாம். உன்னப் பாக்கலாம். அதான் நல்லதுன்னேன்.”

சவுரியம்மாள் அவனைப் பார்த்தாள். இருமலுக்குத் தண்ணீர் தெளித்தவளும், திரும்பி வருவதற்காகத் தோல்வியைக் கொண்டாடியவனும். இரண்டு பேரில் யார் பெரிய அசடு என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது, வாய் மட்டும் சிரிக்கத் துடித்தது.

“இப்ப அடுத்த வருசம் இல்லியே” என்றாள் மெதுவாக.

“இல்ல.”

“தொர போறாரு. கோப்பையும் போவுது.”

“ஆமா.”

“அப்ப வாயத் தொறந்து கேக்கறதுதான் பாக்கி.”

தூரத்தில் சாயங்கால ரயில் ஊதியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் ஆறடி தூரத்தைத் தாண்டத் தெரியாதவன், ஒரு எட்டு முன்னால் வைத்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான். கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், அந்தப் பந்தையே இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

“எங்கக்கா வீட்டுக்குப் பக்கத்துல ஒரு வீடு காலியா கீது. சின்ன வீடுதான். உங்கம்மா நம்மகூட வந்து இருக்கட்டும், அவங்கள தனியா வுட வேணாம்” என்று ஆரம்பித்தவன், அது நடுவிலிருந்து தொடங்கிய பேச்சு என்று உணர்ந்து நிறுத்தினான். அவள் காத்திருந்தாள்.

“சவுரி,” என்றான் துரைசாமி, “என்னக் கட்டிக்கறியா?”